வெள்ளிக் கால்

வெள்ளையம்மாவின் மெழுகுதிரிக் கடையில் ஒரு தாம்பாளம் இருக்கிறது. அதில் மனித உடம்பு துண்டு துண்டாகக் கிடக்கும். கண், காது, கை, இருதயம், தொட்டில் குழந்தை, எல்லாம் அப்பளம்போல மெல்லிய வெள்ளித் தகட்டில் அடித்தவை. கொச்சிக்கடைக் கோவில் அந்தோனியாரிடம் நேர்த்தி வைத்துக் கேட்டது கிடைத்தவர்கள், எது சுகமானதோ அதன் உருவை வாங்கிக்கொண்டுபோய் அவருடைய காலடியில் வைப்பார்கள்.

பேர்ணடெற் அந்தத் தாம்பாளத்துக்கு முன்னால் கனநேரம் நின்றாள்.

“என்னம்மா வேணும்? எந்த உறுப்பு?”

அதுதான் சிக்கல். நேர்த்தி வைக்கும்போது ‘வெள்ளியில் ஒன்று வைக்கிறேன்’ என்று மட்டும் சொல்லியிருந்தாள். அவள் கேட்டது எந்த உறுப்பிலும் சேராது. ‘என் தம்பியைத் தியத்தலாவையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிடு, அங்கே திரும்பிப் போகாமல் செய்’ என்று கேட்டிருந்தாள். தம்பி வந்துவிட்டான். அதற்கு என்ன உரு?

“கால்,” என்றாள்.

“எடதா, வலதா?”

“வலது.”

“சொகமாயிருச்சா?”

பேர்ணடெற் காசை எண்ணத் தொடங்கினாள். வெள்ளையம்மா அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். “ஆயிரும்மா. அந்தோனியார் யாரக் கைவிட்டிருக்காரு?” என்று காலைக் கடதாசியில் சுற்றிக் கொடுத்தாள்.

பேர்ணடெற் இதற்கெல்லாம் பழகியவள் இல்லை. கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தாலும், விஞ்ஞானப் பட்டம் எடுத்த பிறகு கோவிலின் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் அவளை யாரும் கண்டதில்லை. ஒன்றுக்குப் பின்னால் இன்னொன்று நடந்தால் முதலாவது இரண்டாவதின் காரணம் ஆகிவிடாது என்று ரியூசன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள். ஆனால் மனிதரிடம் ஒன்றைக் கேட்க அவளுக்குக் கூச்சம். பஸ்ஸில் இறங்கவேண்டிய இடத்தில் மணி அடிக்கக் கூச்சப்பட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருவாள். அந்தோனியாரிடம் கேட்கும்போது அவர் திரும்பி முகத்தைப் பார்க்கமாட்டார்.

அவள் கேட்டதற்குக் காரணம் இருந்தது. தம்பி றேமண்ட் இராணுவ அதிகாரியாகப் பயிற்சி பெறத் தியத்தலாவைக்குப் போன அடுத்த மாதம் அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது. துறைமுகத்தில் கிளாக்கராக இருந்த அப்பா செபஸ்தியன், வலப்பக்கமும் பேச்சும் போய்க் கதிரையில் இருந்துவிட்டார். அம்மா முன்பே இறந்துவிட்டாள். அப்பாவைத் தூக்கி இருத்த வீட்டில் ஒருவர் வேண்டும். அந்த நேரம் பார்த்துத் தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி செய்யும் இடத்தில் பேர்ணடெற்றுக்கு வேலை கிடைத்தது. வருகிற ஜனவரிக்குள் வந்து சேரலாம் என்றார்கள். அப்பாவின் அலுவலகத்தில், மகன் வந்தால் ஓர் இடம் தருகிறோம் என்றும் சொல்லியிருந்தார்கள். றேமண்ட் திரும்பி வந்தால் துறைமுகத்துக்கு நடந்தே போய்வரலாம். அவள் மலைக்குப் போகலாம்.

றேமண்டிடம் கேட்டிருந்தால் அவன் வந்திருப்பான். அது அவளுக்குத் தெரியும். கேட்கவில்லை. தலவாக்கலை வேலையைப் பற்றி வீட்டில் ஒருவருக்கும் மூச்சு விடவில்லை.

எழுபதாம் ஆண்டு ஜூன் மாதம் அந்தோனியார் திருநாளுக்கு றேமண்ட் லீவில் வந்தான். வீட்டுக்கு முன்னால் ஒழுங்கைக்குக் குறுக்கே கொடி கட்ட ஏணியில் ஏறினான். ஏணி வழுக்கி, கழிவுநீர்க் கானின் சீமெந்து விளிம்பில் வலது கால் பட்டுக் கணுக்கால் முறிந்தது. குசினியில் சமைத்துக்கொண்டிருந்த பேர்ணடெற்றுக்கு அந்தச் சத்தம் கேட்டது. தேங்காய் உடைத்ததுபோல ஒரு சத்தம். ஓடி வந்தபோது அவன் கானுக்குப் பக்கத்தில் இருந்தான். மேலே அவன் கட்டிய கொடியில் அந்தோனியார் ஆடிக்கொண்டிருந்தார்.

கால் முழுக்க மாவுக்கட்டுப் போட்டார்கள். வெள்ளவத்தைப் பொடியன் சிவபாலன் பார்க்க வந்தான். தியத்தலாவையில் அவனும் றேமண்டும் ஒரே அணி. பக்கத்துப் பக்கத்துக் கட்டில்.

“அக்கா, இவ்வளவு நாளும் மலையில ஏத்தி இறக்கியும் அவங்களால ஒண்டும் முறிக்க ஏலாமப் போச்சு. கொட்டாஞ்சேனைக் கான் முறிச்சுப்போட்டுது. வரலாற்றிலேயே கொடி கட்டி விழுந்த கடேற் இவன் ஒருத்தன்தான்.”

“வாயை மூடடா மச்சான். வந்து காட்டிறன்.”

“டிசம்பருக்குள்ள வா. இல்லாட்டி எனக்குச் சலூட் அடிக்கவேண்டி வரும்,” என்று சிவபாலன் மாவுக்கட்டில் தன் பெயரைப் பெரிதாக எழுதிவிட்டுப் போனான்.

டிசம்பரில் மருத்துவச் சபை இருந்தது. இராணுவ வைத்தியர்கள் காலைப் பார்த்து, ஓட வைத்து, அவனைத் திரும்ப எடுப்பதா என்று சொல்வார்கள். எலும்பு மெதுவாகத்தான் பொருந்தியது. கட்டை மாற்றி மாற்றிப் போட்டார்கள். அந்த மாதங்களில் அவன் ஸ்ரூலில் காலை நீட்டிக்கொண்டு தியத்தலாவையைத் தவிர வேறெதையும் கதைக்கவில்லை.

“அந்த மலை முதல்ல மறியல் முகாம், அக்கா. தென்னாபிரிக்கச் சண்டையில பிடிச்ச போயர்களைக் கப்பலில கொண்டுவந்து அங்கதான் அடைச்சு வைச்சவங்கள். பிறகு வெள்ளைக்காரப் பட்டாளம் வெயில் தாங்காமல் போய் இளைப்பாறின இடம். சுதந்திரத்துக்குப் பிறகு எங்கட. அப்பவும் ஒபிசர் ஆகவேணுமெண்டால் கப்பல் ஏறி இங்கிலாந்துக்குப் போகவேணும். வருசத்துக்கு ரெண்டு பேர், மூண்டு பேர். எல்லாம் பெரிய இடத்துப் பிள்ளையள். இப்ப எங்கட மலையிலயே பழக்கினம். துறைமுகக் கிளாக்கரின்ர மோனும் போகலாம்.”

கதிரையில் இருந்த அப்பா இடது கையை உயர்த்தினார். சுதந்திரம் கிடைத்த புதிதில் காலிமுகத்திடலில் நடந்த அணிவகுப்பொன்றைப் பார்க்க, சின்னக் குழந்தையாய் இருந்த றேமண்டைத் தோளில் வைத்துக்கொண்டு போனவர் அவர். அந்தக் கதையை முன்பு பலமுறை சொல்லியிருக்கிறார். இப்போது கையை உயர்த்தினால் அந்தக் கதை என்று அர்த்தம்.

“அங்க அப்பிடி என்னதான் இருக்கு?” என்று பக்கத்து வீட்டு றோஸி அன்ரி கேட்டாள்.

றேமண்ட் யோசித்தான். “விடிய பனி விலகேக்க எதிர்மலையில வெள்ளைக் கல்லால அடுக்கின ஒரு நரி தெரியும், அன்ரி. எந்தக் காலத்திலயோ கப்பல்காரர் அடுக்கினதாம். அதைப் பாத்துக்கொண்டு ஓடவேணும். அங்க நீ ஆர், எந்த ஊர், தகப்பன் என்ன வேலை எண்டு ஆரும் கேக்கிறதில்லை. ஓடினியா? சப்பாத்து மினுங்குதா? அவ்வளவுதான். எனக்கு அது பிடிச்சுப்போச்சு.”

“சப்பாத்து மினுங்கிறதைப் பாக்கவோ அவ்வளவு தூரம் போனனீ? ஷரீப்பின்ர சப்பாத்துக் கடைக் கண்ணாடியில பாக்கலாமே.”

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாகூட ஒரு பக்கத்தால் சிரித்தார். பேர்ணடெற் எழுந்து குசினிக்குப் போனாள்.

நவம்பரில் மாவுக்கட்டை வெட்டி எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் தாதி றேமண்டின் காலைக் கழுவிக்கொண்டிருக்க, டொக்டர் பேர்ணடெற்றை உள்ளே கூப்பிட்டு விளக்கமாகச் சொன்னார். எலும்பு நன்றாகப் பொருந்திவிட்டது. நாளையிலிருந்து காலை ஊன்றலாம். ஊன்றத்தான் வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக நடை, பிறகு ஏற்றம், பிறகு ஓட்டம். சும்மா வைத்திருந்தால் மூட்டு இறுகிவிடும். அவள் தலையாட்டினாள். அசையாத தசை எப்படி மெலியும் என்று அவள் படித்ததுதான்.

வெளியே மர வாங்கில் இருந்தபடி றேமண்ட் காத்திருந்தான். “என்ன சொன்னவர்?”

“இன்னும் ரெண்டு கிழமைக்கு ஊண்டக்கூடாதாம்.”

அந்தப் பதினாலு நாள் யோசித்துச் சொன்னதல்ல. நாக்கு முந்திக்கொண்டது. சொன்ன பிறகு, இல்லை, நான் மாறிச் சொல்லிவிட்டேன் என்று சொல்ல ஒரு கணம் இருந்தது. அந்தக் கணத்தில் றேமண்ட் மறுபேச்சில்லாமல் ஊன்றுகட்டையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். டொக்டர் சொன்னால் சொன்னதுதான் அவனுக்கு. கட்டளைக்குக் கீழ்ப்படியத் தியத்தலாவையில் நன்றாகப் பழக்கியிருந்தார்கள்.

அன்றிலிருந்து அவன் காலை ஸ்ரூலில் வைத்தபடி இருந்தான். அவள் அதைப் பார்த்துக்கொண்டு நடமாடினாள். கேட்டது கிடைத்துவிட்டது என்பதில் இனிச் சந்தேகம் இல்லை. அப்படியானால் நேர்த்தியை முடிக்கவேண்டும். அதனால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை வெள்ளையம்மாவின் கடைக்கு வந்தாள்.

கடதாசிச் சுருளோடு கோவில் வாசலுக்குப் போனபோது எதிரே றோஸி அன்ரி வந்தாள். அவளுடைய கண்ணில் எதுவும் தப்பாது.

“பேர்ணடெற்றா? நீ எங்க இங்க? கையில என்ன?” சுருளை வாங்கி விரித்தாள். வெள்ளிக் கால் வெயிலில் மினுங்கியது. றோஸி அன்ரியின் கண் கலங்கிவிட்டது. “என்ர பிள்ளை! சாமி இல்லை பூதம் இல்லை எண்டு திரிஞ்ச பிள்ளை, தம்பிக்காக நேர்த்தி வைச்சிருக்கிறியோ?”

“அன்ரி, அது...”

“ஆனால் இப்பிடிப் போடக்கூடாது. நொந்த இடத்தில தொட்டு எடுத்துக்கொண்டு வந்துதான் போடவேணும். உனக்கு இதுகள் எங்க தெரியும்? வா.”

றோஸி அன்ரி அவளைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். றேமண்டின் கணுக்காலில் வெள்ளிக் காலை வைத்து மூன்று தரம் தடவினாள். வாய்க்குள் அருள் நிறைந்த மந்திரம் சொன்னாள். பிறகு, “உன்ர அக்கா உனக்காகச் செய்ததடா இது. மறந்துபோகாத,” என்றாள்.

றேமண்ட் தகட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஏதாவது பகிடி விடுவான் என்று பேர்ணடெற் காத்திருந்தாள். அவன் பகிடி விடவில்லை.

“அக்கா,” என்றான். “நான் போறது உனக்கு விருப்பமில்லையோ எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான். நான் தியத்தலாவைக் கதை சொல்லேக்க எல்லாம் நீ எழும்பிப் போவாய்.” அவன் தகட்டைச் சட்டைப் பைக்குள் வைத்தான். “என்னை மன்னிச்சுக்கொள்.”

இதைவிட அவன் அவளைக் கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

அடுத்த நாள் விடிய, அவள் ஸ்ரூலைத் தூக்கிக் குசினிக்குள் வைத்துவிட்டு வந்து அவன் முன்னால் நின்றாள்.

“எழும்பு. காலை ஊண்டு.”

“ரெண்டு கிழமை இன்னும் முடியேல்லையே?”

“முடிஞ்சமாதிரித்தான். எழும்பு.”

அவன் எழுந்தான். வலது காலை நிலத்தில் வைத்தபோது முகம் வெளிறியது. கெண்டைக்கால் குச்சிபோல மெலிந்திருந்தது. கணுக்கால் ஒரு பக்கம் மடங்கவே இல்லை. ஒரு முழுக் காலைப் பொழுது சுவரைப் பிடித்துக்கொண்டு முன்னறையில் நடந்தான். அவள் கூடவே நடந்தாள். பின்னேரம் ஒழுங்கைக்கு இறங்கினார்கள். அடுத்த கிழமை ஒழுங்கையின் ஏற்றத்தில் நடந்தார்கள்.

“தனிய நடந்தால் கால் ஏமாத்துது, அக்கா. நொண்டுறன். தாளம் வேணும். நீ சொல்லு.”

“என்ன சொல்ல?”

“வம, தகுண, வம. இடது, வலது, இடது. சிங்களத்திலதான் சொல்லவேணும். எங்களுக்கு அப்பிடித்தான் பழக்கினது.”

“நானோ? றோட்டிலயோ?”

பஸ்ஸில் மணி அடிக்கக் கூச்சப்படுகிறவள் கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் நின்று “வம” என்றாள். அது அவளுக்கே கேட்கவில்லை.

“சார்ஜன்ற் மேஜருக்குச் சாப்பாடு குடுக்கேல்லைப்போல,” என்றான் றேமண்ட்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். “வம! தகுண! வம!”

யன்னல்கள் திறந்தன. ரியூசன் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எதிர்வீட்டு பற்றிக் அங்கிள், பேர்ணடெற்றுக்கு இப்படி ஒரு தொண்டை இருக்கிறது என்று இவ்வளவு நாளும் தெரியாமல் போய்விட்டதே என்றார். அவள் நிறுத்தவில்லை. அவன் விழுந்தான், எழுந்தான். அவள் கத்திக்கொண்டே இருந்தாள். வாசலில் கதிரையில் இருந்த அப்பா இடது கையால் கதிரைக் கையில் தட்டினார். டக், டக், டக். அவருடைய தாளம் ஒரு தரமும் தவறவில்லை. அவள் மூச்சு வாங்கி நின்ற நேரங்களில் றேமண்ட் அந்தத் தட்டலுக்கு நடந்தான்.

மருத்துவச் சபைக்கு முந்திய செவ்வாய்க்கிழமை அவன் தானே கொச்சிக்கடைக்கு நடந்துபோய் வெள்ளிக் காலை அந்தோனியாரின் காலடியில் வைத்தான். அவள் பின்னால் நின்றாள். எதற்குப் பேசிய கூலி அது என்று அவளுக்கும் அந்தோனியாருக்கும் மட்டுந்தான் தெரியும்.

சபைக்குப் போய் வந்தவன் தொப்பியைக் கழற்றி அப்பாவின் மடியில் வைத்தான். “எடுத்திட்டாங்கள்,” என்றான். அப்பா கையை உயர்த்தினார்.

“ஆனால் சிவா இருக்கிற என்ர பட்சோட இல்லை. எனக்குப் பிறகு வந்த பட்சோட.” அவன் பேர்ணடெற்றைப் பார்த்துச் சிரித்தான். “மூட்டு இன்னும் முழுக்க மடங்கேல்லையாம். ஒரு ரெண்டு கிழமை முந்தி நடக்கத் தொடங்கியிருந்தால் பழைய பட்சோடயே விட்டிருப்பமெண்டு அந்த மேஜரே சொன்னார். பரவாயில்லை. ஆஸ்பத்திரி டொக்டர் கொஞ்சம் பயந்த ஆள்போல.”

பேர்ணடெற் சுவரில் கை வைத்தாள். இப்போது சொல்லலாம். ‘டொக்டர் அப்படிச் சொல்லவில்லை’ என்று மூன்று சொல். றேமண்ட் கோபப்படுவான், பிறகு ஆறுவான். அவன் அப்படித்தான்.

“சாப்பிடுவம், வா,” என்றாள்.

பின்னால் வந்த அணியோடு சேர்வது என்றால் என்ன என்று அவளுக்கு அப்போது சரியாக விளங்கவில்லை. ஆறு மாதம் பிந்தும், அவ்வளவுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். தலவாக்கலைக்கு வரமுடியாது என்று அறிவித்தாள். அது பெரிய வலியாக இல்லை. ஏதோ செலுத்துகிறோம் என்று ஒரு நிம்மதிகூட இருந்தது.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை றேமண்டைப் பதுளை ரயிலில் ஏற்றிவிடக் கோட்டை ஸ்ரேசனுக்குப் போனாள். வீட்டில் அப்பாவோடு றோஸி அன்ரி இருந்தாள். மேடையில் லீவு முடிந்து திரும்பும் கடேற்மார் மூன்று பேர் ஒரே நிறக் கோட்டோடு நின்றார்கள். நடுவில் சிவபாலன்.

“அங்க பார், சிவா நிக்கிறான்!” என்றாள் பேர்ணடெற்.

றேமண்ட் பெட்டியைக் கீழே வைத்தான். கோட்டை இழுத்துவிட்டான். மூன்று எட்டு நடந்துபோய் நின்று, வலது காலைத் தூக்கி இடது காலோடு சேர்த்து அடித்தான். முறிந்த கால். மேடைச் சீமெந்தில் அந்தச் சத்தம் கேட்டது.

“குட் மோர்னிங், சேர்!”

சிவபாலனின் முகம் ஒரு கணம் சிரிக்கப் பார்த்தது. பக்கத்தில் நின்ற இருவரும் அவனைப் பார்த்தார்கள். சிரிப்பு அணைந்தது.

“மோர்னிங். ஜூனியர்மாருக்குக் கடைசிப் பெட்டி. போ.”

“சேர்!”

றேமண்ட் திரும்பி வந்து பெட்டியை எடுத்தான். அவனுடைய காது மடல் சிவந்திருந்தது. ஆனால் கண்ணில் ஒரு பளபளப்பும் இருந்தது. பனியும் நரியும் அதற்குள் வந்துவிட்டனபோல.

“அக்கா, அப்பாவைப் பார்த்துக்கொள். உன்ர நேர்த்தியாலதான் போறன்,” என்றான்.

அவன் கடைசிப் பெட்டியில் ஏறிய பிறகு சிவபாலன் மெல்ல அவளிடம் வந்தான். “குறை நினைக்காதேங்கோ, அக்கா. பின்னால நிக்கிறாங்கள். அங்க இதுதான் வழக்கம்.”

“எவ்வளவு காலத்துக்கு, தம்பி? ட்ரெயினிங் முடியுமட்டுமோ?”

“ட்ரெயினிங்கோ?” அவன் கொஞ்சம் தயங்கினான். “எந்த பட்சில வெளிய வந்தமோ, அதுதான் பென்சன் எடுக்குமட்டும். நான் முந்தி, அவன் பிந்தி. ரெண்டு பேரும் கிழவனாகி வெள்ளவத்தைக் கடற்கரையில சந்திச்சாலும் அவன்தான் முதல்ல எழும்பி நிக்கவேணும்.”

ரயில் போனது. அவள் வெறும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வீட்டுக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டு, துறைமுகத்து மதிலோடு கொச்சிக்கடைக்கு நடந்தாள். றேமண்டை வீட்டுக்கு வரச் செய் என்று கேட்டாள், வந்தான். அவனைத் திரும்பப் போகச் செய் என்று ஒழுங்கையில் கத்திக் கேட்டாள், போய்விட்டான். இரண்டும் கிடைத்துவிட்டன. நடுவில் காணாமல் போன இரண்டு கிழமை அந்தோனியாருடைய வேலை அல்ல.

கடையில் செவ்வாய்க்கிழமைக் கூட்டம். வெள்ளையம்மா அவளை அடையாளம் கண்டுகொண்டாள்.

“வாம்மா! தம்பி கால் ஆயிருச்சில்ல? சொன்னேன்ல? இன்னிக்கு என்ன?”

பேர்ணடெற் தாம்பாளத்தை விரலால் கிளறினாள். கண்களுக்கும் கைகளுக்கும் அடியில் அது கிடந்தது. சின்னது. புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிது.

“இது,” என்றாள்.

“நாக்கா?” வெள்ளையம்மா அதை எடுத்து முந்தானையால் துடைத்தாள். அவளுடைய முகம் இளகியது. “ஒங்கப்பாவுக்குப் பேச்சு நின்னுபோச்சுன்னு ஒங்க பக்கத்து வீட்டம்மா சொல்லிச்சு. அவருக்குத்தானே?”

பின்னால் நின்ற பெண்கள் இரக்கத்தோடு அவளைப் பார்த்தார்கள். ஒருத்தி அவளுடைய முதுகில் கை வைத்தாள்.

இல்லை என்று சொல்லத்தான் பேர்ணடெற் வாயைத் திறந்தாள்.

“ஓம், அப்பாவுக்குத்தான்,” என்றாள்.